பிறாய் ஸ்டேசன் லக்ஸா

லக்ஸா என்னும் நூடில்ஸ் குழம்பை உலகத்துக்கு வழங்கியவர் இளவாலையைச் சேர்ந்த சூசைப்பிள்ளை என்ற ஸ்டேசன் மாஸ்டர். மலாயா ரெயில்வேயில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலிருந்த பிறாய் ஸ்டேசனில் அவர் கடமையாற்றிய காலத்தில், பசியோடு வண்டி பார்த்து நின்ற சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இரங்கி, இடியப்பத்தின் மேல் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக் கொடுத்தார். அதற்கு முன்னர் தென்கிழக்காசியாவில் எவரும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

மேற்படி வரலாற்றை, நாங்கள் குடிபெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டிலுள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டிலிருந்து என் அப்பா அருள்நாயகம் அடிக்கடி வெளியிடுவார். சூசைப்பிள்ளை அவருடைய பெரியையா, அதாவது தகப்பனின் தமையன். ஆதாரம் கேட்டால் அப்பா சுவரைக் காட்டுவார். சுவரில் சூசைப்பிள்ளையின் படம் தொங்குகிறது. தலையில் தொப்பி இருக்கிறது. கையில் கொடி இருக்கிறது. சட்டி இல்லை.

"சட்டி எங்கையப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டியூட்டி நேரத்திலை ஆரடா சட்டியோடை நிண்டு படமெடுக்கிறது?"

அப்பாவோடு வாதாடுவது வெள்ளிக்கிழமை பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போவது மாதிரி. எப்படியும் போய்ச் சேரலாம். ஆனால் எதற்காகப் புறப்பட்டோம் என்பது மறந்துபோய்விடும்.

சூசைப்பிள்ளையால் எவருக்கும் கெடுதல் இல்லாதவரை நானும் பேசாமல்தான் இருந்தேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச்சில் நிலைமை மாறியது. என் அக்கா நதீஷா, தன்னோடு பல் டொக்டரிடம் வேலை செய்யும் கெவின் இராஜரட்ணத்தைக் கலியாணம் செய்யப்போவதாக வீட்டில் சொன்னாள். கெவினின் வீடு விட்பியில், மரமே முளைக்காத ஒரு புதுத் தெருவில். தாய் தகப்பன் மலேசியாவிலிருந்து வந்தவர்கள். பூட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போன குடும்பம். கத்தோலிக்கர். குடிப்பதில்லை. சொந்தமாக வீடு. அப்பாவுக்குக் குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. அதுவே அவருக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது.

"வாற வெள்ளிக்கிழமை அவையள் வீட்டை வருகினம்" என்றாள் அக்கா. "அப்பா, ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்த ஸ்டேசன் மாஸ்டர் கதையை மட்டும் எடுக்காதேங்கோ."

"ஏன், பெரியையாவைச் சொல்ல வெக்கமாக் கிடக்கோ?"

"கெவின்ரை அம்மாவுக்குப் புளுகுற ஆக்களைக் கண்ணிலை காட்டேலாது. கெவின்ரை தமையனுக்குப் பேசின கலியாணத்தை ஏன் குழப்பினவ தெரியுமோ? பொம்பிளையின்ரை தகப்பன், சி.என். டவருக்கு லிஃப்ட் வைக்கச் சொல்லித் தான்தான் ஐடியா குடுத்தனான் எண்டு சொன்னவராம். அண்டைக்கே எழும்பிப் போட்டா. தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை."

"அவன் புளுகன்" என்றார் அப்பா உண்மையான அருவருப்போடு. "லிஃப்ட் வைக்கிறதுக்கு ஐடியா குடுக்க வேணுமே? நான் சொல்லுறது சரித்திரம்."

அக்கா அழத் தொடங்கினாள். அவள் லேசில் அழுகிறவள் அல்லள். பல் பிடுங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று மனம் கல்லாய்ப் போனவள். அப்பா பதறிப்போனார். சூசைப்பிள்ளையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று, சூசைப்பிள்ளையின் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

அடுத்த பிரச்சினை சமையல். தபசு காலத்து வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கருக்கு இறைச்சி ஆகாது. என் அம்மா வேரோனிக்கா, அக்காவைப் பார்த்து, "அவைக்கு என்ன பிடிக்கும், பிள்ளை?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அக்காவும், "லக்ஸா" என்று சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தியே!" என்று அப்பா மேசையில் தட்டினார். "வேரோனிக்கா, இடியப்பம் அவி. மீன் போட்டுச் சொதி வை. முடிஞ்சுது லக்ஸா."

"அப்பா, அது ஒரு சாமான் இல்லை. ஊருக்கு ஊர் வேறை" என்றாள் அக்கா. கெவினிடம் பாடம் எடுத்திருந்தாள் போலிருக்கிறது. "சிங்கப்பூரிலை தேங்காய்ப்பால் விடுவினமாம், நூடில்ஸைக் குறுக்காலை வெட்டிப்போட்டுக் கரண்டியாலை சாப்பிடுறதாம். அன்ரி, கெவின்ரை அம்மா, பினாங்கு. அவவின்ரை அசாம் லக்ஸா. மீன்தான், ஆனா பால் விடுறேல்லை."

"அசாமோ?" அப்பா எழுந்து போய் என் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துவந்து விரித்தார். "இஞ்சை பார். அசாம் இந்தியாவிலை கிடக்கு. அங்கை தேயிலைதான். சூப் எப்பிடி வந்தது?"

"எனக்குத் தெரியாதப்பா. பேர் அப்பிடி."

"பால் விடாத சொதியும் ஒரு சொதியோ? அது மீன் கழுவின தண்ணி."

"அங்கிள் ஜொகூர்க்காரர். அவை தேங்காய்ப்பாலிலை மீனை அரைச்சுப்போட்டு வைக்கிறது. ஆனா…" அக்கா தயங்கினாள். "ஸ்பகெற்றிக்கு மேலை விட்டு, கையாலை சாப்பிடுவினம்."

அப்பா அட்லஸை மூடினார்.

"ஸ்பகெற்றிக்கு."

"ஓம்."

"கையாலை."

"ஓமப்பா."

"இத்தாலிக்காரன்ரை மா நூலுக்குத் தேங்காய்ப்பாலை விட்டு, அதைக் கையாலை பிசைஞ்சு தின்னுற சாதி ஒண்டு உலகத்திலை இருக்குதெண்டு நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். நாய்கூட அதைப் பாத்து வெக்கப்படும். நல்லாக் கேட்டுக்கொள், நதீஷா. அந்தாளின்ரை மகனுக்கு நான் பொம்பிளை தருவன். அந்தாளுக்கு ஸ்பகெற்றி தரமாட்டன்."

நான் கல்லூரி நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். நடுநிலையாக ஏதாவது கிடைத்தால் அப்பாவின் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். புத்தகங்களும் அப்பாவைப் போலத்தான் இருந்தன. ஒருவர் லக்ஸா என்பது இலட்சம் என்ற சொல்லிலிருந்து வந்தது, அத்தனை நூல்கள் இருப்பதால் என்றார். இன்னொருவர், பாரசீகத்தில் வழுக்குவது என்று பொருள் என்றார். மூன்றாமவர் சீன மொழியில் உறைப்பான மணல், கூனிறால் தூள் பல்லில் நறநறப்பதால் என்றார். மூவரும் மற்ற இருவரையும் அடிக்குறிப்பில் திட்டியிருந்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா முதலாமதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

"இலட்சம்! தமிழ்!"

"சமஸ்கிருதம், அப்பா."

"இளவாலையிலை நாங்கள் தமிழ் எண்டுதான் சொல்லுறது."

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "றூபன், நீ அப்பாவுக்குப் பக்கத்திலை இரு. ரெயில் எண்டு வாயெடுத்தாரெண்டால் உடனை தண்ணி கேள். கதையை முறி. இது என்ரை வாழ்க்கையடா."

அதை அவள் பகிடியாகச் சொல்லவில்லை. நானும் பகிடியாக எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து அவர்கள் வந்தார்கள். மிஸிஸ் இராஜரட்ணம் ஒரு பெரிய சட்டியைத் துவாயில் சுற்றிக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தார். பின்னால் கெவின், இடுப்பில் பேஜரும் முகத்தில் மரண பயமுமாக. கடைசியாக இராஜரட்ணம் அங்கிள். காலணியைக் கழற்றினார். ஓவர்கோட்டைக் கழற்றவில்லை. மேசைக்கு வந்து இருந்த பிறகு, கோட்டின் உள்பையிலிருந்து ஒரு ஸ்பகெற்றிப் பக்கற்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். சிவப்புப் பக்கற்.

"சும்மா, ஒரு சேஃப்டிக்கு" என்றார் கூச்சத்தோடு.

"எங்க போனாலும் கொண்டு போவார் லா" என்றார் மிஸிஸ் இராஜரட்ணம் மலேசிய இழுப்போடு. "பாஸ்போர்ட்டை மறப்பார். இதை மறக்க மாட்டார்."

அம்மா பக்கற்றை வாங்கி, பாதியை உடைத்து அவித்தார். அப்பா யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கு மட்டும் அசைந்தது.

மேசை நிரம்பியது. எங்கள் இடியப்பம், மஞ்சள் சொதி. அவர்களுடைய சட்டியில் செம்மண் நிறத்தில் மீன் குழம்பு, அதற்கு மேல் புதினாவும் அன்னாசித் துண்டும் வெள்ளரிக்காயும். பக்கத்தில் ஒரு போத்தலில் கறுப்பாக, கெட்டியாக இறால் கூழ். அப்பா அதை மோந்து பார்த்தார். றோட்டுக்குத் தார் போடும்போது பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது பினாங்கு லக்ஸா. அசாம்" என்றார் மிஸிஸ் இராஜரட்ணம்.

"அசாம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ?" என்று அப்பா மரியாதையாகக் கேட்டார்.

"அசாம்னா மலாய்ல புளி, மிஸ்டர் அருள்."

அப்பா தலையை ஆட்டினார். அட்லஸ் எந்த அறையில் இருக்கிறது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"பினாங்கிலை… தீவுக்குப் போறதெண்டால் முந்தி ரெயி…"

"அப்பா, தண்ணி" என்றேன்.

ஊற்றித் தந்தார். குடித்தேன்.

"அந்தக் காலத்திலை எங்கடை ஆக்கள் கனபேர் அங்கை ஸ்டே…"

"அப்பா, தண்ணி."

"என்னடா, உப்புக் கண்டமே திண்டனீ?"

மீண்டும் குடித்தேன். அதன் பிறகு அவர் கொடி என்றார், பிளாட்ஃபோர்ம் என்றார், தொப்பி என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் குடித்தேன். இந்தக் குடும்பத்துக்காக என் சிறுநீரகங்கள் செய்த தியாகத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இராஜரட்ணம் அங்கிள் என்னைப் பரிவோடு பார்த்து, "தம்பிக்கு சுகர் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அதோடு போயிருக்கும். ஆனால் அங்கிள், தன் ஸ்பகெற்றிக்கு மேல் எங்கள் சொதியை ஊற்றி, கையால் அள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடினார். "ஆஹா. இதுதான் ஒரிஜினல். ஜொகூர் லக்ஸா. எங்க சுல்தான் ஒருத்தர் ஐரோப்பாவுக்குப் போய், ஸ்பகெற்றி சாப்பிட்டு, அரண்மனைக் குசினியில சொல்லிச் செஞ்சது. மத்ததெல்லாம் பிறகு வந்தது."

"ஆரம்பிச்சிட்டார்" என்றார் மிஸிஸ் இராஜரட்ணம். "கலியாணம் முடிச்ச நாள்லேருந்து இதே சுல்தான். யார் பாத்தா? புளுகு. எனக்குப் புளுகு கேட்டா உடம்பெல்லாம் கடிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். தன் வீட்டில், தன் மேசையில், தன் சொதியை வைத்துக்கொண்டு, எவனோ ஒரு சுல்தானுக்குப் பேர் போகிறது. சத்தியம் செய்த விரலை அவர் மேசைக்குக் கீழே மடக்கி மடக்கி விரித்தார்.

"அப்பா, தண்ணி!" என்றேன்.

அப்பா தண்ணீர்ச் சாடியை அப்படியே தூக்கி என் மடியில் வைத்தார்.

"சுல்தானுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை" என்றார். "லக்ஸாவைக் கண்டுபிடிச்சது எங்கடை பெரியையா சூசைப்பிள்ளை. ஸ்டேசன் மாஸ்டர். அங்கை பாருங்கோ படம்."

பிறகு முழுவதையும் சொன்னார். இரக்கம், இடியப்பம், சொதி, இலட்சம், எதையும் விடவில்லை. அவர் முடித்தபோது கெவினின் பேஜர் அடித்தது. அவன் அதைத் தொடவில்லை. அக்கா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டார்.

மிஸிஸ் இராஜரட்ணம் கரண்டியைக் கீழே வைத்தார். சி.என். டவர்க்காரர் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனவர். நான் அவருடைய கதிரையைப் பார்த்தேன்.

"எந்த ஸ்டேசன்?" என்று கேட்டார்.

"பிறாய்."

"பிறாய்." அவர் புருசனின் பக்கம் முழு உடம்போடும் திரும்பினார். "கேட்டீங்களா? பிறாய்! எங்க பக்கம்!"

"அது தீவு இல்லையே லா. இந்தக் கரை" என்றார் அங்கிள்.

"பினாங்குக்குப் போற ஜனமெல்லாம் எங்க இறங்கும்? பிறாய்ல! பிறகு ஃபெரி! பிறாய்ல கண்டுபிடிச்சா அது பினாங்கு லக்ஸாதான்! இத்தனை வருசமா நான் சொன்னா கேட்டீங்களா?" அவர் அப்பாவைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "மிஸ்டர் அருள். நிதானமாச் சொல்லுங்க. உங்க பெரியையா பால் விட்டாரா, புளி விட்டாரா?"

அந்த வீட்டில் அதுவரை எவரும் சூசைப்பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வியை உண்மையாகப் பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை. அப்பா தடுமாறிப்போனார். பால் என்றால் சரித்திரம் நிலைக்கும், சம்பந்தம் போகும். புளி என்றால் சம்பந்தம் நிற்கும், ஆனால் சூசைப்பிள்ளை மீன் கழுவின தண்ணியைக் கண்டுபிடித்தவராகிவிடுவார். போதாததற்கு அங்கிள் வேறு விரல்களில் ஸ்பகெற்றி தொங்க, நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சுவரைப் பார்த்தார். பெரியையாவிடம் அவர் முதன்முறையாக உதவி கேட்பது போல் இருந்தது. பெரியையா கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். படம் கறுப்பு வெள்ளை. கொடி பச்சையா சிவப்பா என்று தெரியாது.

பிறகு அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் இன்னும் தலை நிமிரவில்லை. அவளுடைய கோப்பையில் அசாம் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இடது கையால் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமையிலை" என்றார் அப்பா. தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமையிலை புளி."

மிஸிஸ் இராஜரட்ணம் கதிரையில் சாய்ந்தார். அத்தனை வருட வழக்கு தீர்ந்த முகம். அங்கிளின் கை மெல்லத் தாழ்ந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும்.

"மற்ற நாளிலை பால்" என்றார் அப்பா.

"நூடில்ஸ்?" என்று அங்கிள் உடனே கேட்டார். "என்ன நூடில்ஸ் போட்டார்?"

"அது… அந்த விசயத்திலை பெரியையா பேதம் பாக்கிறேல்லை. கூட்ஸ் வண்டியிலை என்ன வருதோ, அது."

"ஸ்பகெற்றி வந்திருக்குமா?"

அப்பா கண்ணை மூடித் திறந்தார். பல்லைப் பிடுங்கும்போது அக்கா வேலை செய்யும் இடத்தில் சனம் அப்படித்தான் செய்யுமாம்.

"வந்திருக்கலாம்."

அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். மிஸிஸ் இராஜரட்ணம் குடித்தார். இரண்டாம் கோப்பையும் கேட்டார். உயிர்த்த ஞாயிறு கழிந்து நாள் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்தக் குளியலறை அப்போது என்னைவிட வேறு எவருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது மிஸிஸ் இராஜரட்ணம் அக்காவின் கன்னத்தைத் தட்டினார். "உன் அப்பா நல்ல புளுகர் லா" என்று இரகசியமாக, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆனா சரியான பக்கத்துக்குப் புளுகுறார்."

அவர்கள் போன பிறகு அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று சொல்லி அதை நேராக்கினார். அது முதலிலேயே நேராகத்தான் இருந்தது.

"குடும்பத்துக்காக விட்டுக்குடுத்திருக்கிறன்" என்றார் கடைசியாக. "அதுக்காக அந்த ஸ்பகெற்றியை லக்ஸா எண்டு நான் ஒத்துக்கொள்ளேல்லை. அது சாப்பாடே இல்லை. மிச்சம் அரைப் பக்கற் கிடக்கு, வேரோனிக்கா. குருவிக்குப் போடு."

கலியாணம் மே மாதம் நடந்தது. விருந்தில் அப்பா பேசும்போது சுல்தானையும் ஸ்டேசன் மாஸ்டரையும் ஒரே வண்டியில் ஏற்றினார். அங்கிள் எழுந்து நின்று கை தட்டினார். அசாமின் தேயிலையைப் பற்றியும் ஒரு பந்தி வந்தது. அது ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. விளக்கம் கேட்கும் துணிவும் எவருக்கும் வரவில்லை.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை விரிவுரையாளர் வராததால் கல்லூரியிலிருந்து வேளைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா வேலையில். குசினியில் தேங்காய்ப்பால் கொதிக்கும் மணம். சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் இடையிலுள்ள கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவை எங்கள் வீட்டில் எவரும் சாத்துவதில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோப்பையில் மஞ்சள் சொதி. அதற்குள் கையை விட்டு, நீண்ட மா நூல்களைச் சுற்றி எடுத்து, அண்ணாந்து வாயில் இறக்கினார். ஒரு நூல் நாடியில் ஒட்டிக்கொண்டது. அதை உறிஞ்சினார். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். கோப்பையைத் தூக்கி மிச்சச் சொதியைக் குடித்தார். பிறகு பக்கற்றின் வாயை மடித்து, இறப்பர் வளையம் போட்டு, அரிசிச் சாக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

அங்கிள் விட்டுப்போன பக்கற் சிவப்பு. இது நீலம்.